கேட்பவர்: ஒருவர்

வீட்டு வைஃபை பெட்டியைச் சரி பண்ணப் போறவங்களை யாரும் "வாங்க"ன்னு கூப்பிட்டதா சரித்திரமே கிடையாது, வாசல்லயே "ஏன் இவ்வளவு லேட்டு?"ன்னுதான் கேப்பாங்க. அதுலயும் நான் பொம்பளை. "ஆம்பளை யாரும் வரலையாம்மா?"ன்னு என் தலைக்கு மேல எட்டிப் பாத்து, படிக்கட்டுல எவனாவது ஏறி வர்றானான்னு தேடுவாங்க. பதினோரு வருஷமா தேடறாங்க. ஒருத்தனும் வரலை.

என் பேர் ஜெசிந்தா, எல்லாருக்கும் ஜெசி. பெங்களூர் விவேக் நகர்லயே பொறந்து வளந்தவ. எங்க ஏரியாவுக்கு இன்டர்நெட் குடுக்கற ஒரு சின்ன கம்பெனியில வேலை. கம்பம் ஏறி ஒயர் இழுக்கறது முனிராஜு. வீட்டுக்குள்ள போய் ரௌட்டரைக் கட்டி மேய்க்கறது நான். அதுலயும் ஆபீஸ்ல யாரும் தொடாத ஒரு வேலை உண்டு, போர்ட் ஃபார்வர்டிங். அது என் தலையில. வீட்டுல வைஃபை வெச்சுக்கிட்டு அவஸ்தைப்படற என் இனத்தாரே, பேரைக் கேட்டு மிரளாதீங்க, விஷயம் லேசுதான். ரௌட்டர்ங்கறது அபார்ட்மெண்ட் கேட்ல நிக்கற செக்யூரிட்டி மாதிரி. உள்ள இருக்கறவங்க எப்ப வேணா வெளிய போலாம். வெளியில இருந்து யாராவது வந்தா, "யாரு, எந்த வீடு?"ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிடும். "எட்டாயிரம்னு ஒரு நம்பர் சொல்லிட்டு யார் வந்தாலும் நிறுத்தாதே, நேரா ஹால்ல இருக்கற கம்ப்யூட்டருக்குக் கூட்டிட்டுப் போ"ன்னு அதுக்கு எழுதி வெக்கறதுதான் என் வேலை. அஞ்சு நிமிஷம் ஆகும்.

அந்த அஞ்சு நிமிஷத்துல நான் பண்ணின ஒரு தப்பால, சேர வேண்டிய ஒரு அப்பாவும் பொண்ணும் சேராம நின்னுட்டாங்க. அதைச் சொல்லத்தான் உக்காந்தேன். ஆனா எடுத்ததும் அதைச் சொல்ல மனசு வரமாட்டேங்குது. ரெண்டு சின்ன விஷயம் சொல்லிட்டு வர்றேன், பொறுத்துக்கோங்க.

பீடத்து மேல பெட்டி

எங்க பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள்ல ரௌட்டர் எங்க இருக்குன்னு கேக்கவே வேணாம். மாதா சுரூபம் வெச்சிருக்கற பீடத்துலதான் இருக்கும். சீரியல் லைட்டுக்காக ஹால்ல போட்ட ஒரே பிளக் பாயின்ட் அங்கதானே இருக்கு? அதனால செருப்பைக் கழட்டிட்டு, சிலுவை போட்டுட்டுத்தான் நான் ரௌட்டரைத் தொடுவேன். கடுப்பு வந்தா அதை நாலு வார்த்தை திட்டக்கூட முடியாது.

அப்படி ஒரு வீட்டுல, வீட்டுக்காரர் இறந்து பத்து நாள். நாப்பதாம் நாள் ஜெபத்தை மஸ்கட்ல இருக்கற பையன் கேமரா வழியா பாக்கணும்னு போர்ட் திறக்கக் கூப்பிட்டாங்க. எல்லாம் எழுதி முடிச்சேன். கடைசியா ரௌட்டரை ஒருதடவை அணைச்சுப் போடணும். அதோட பட்டன் எப்பவோ உள்ள போய்ச் செத்துப் போச்சு. ஒயரைப் பிடுங்கலாம்னு பாத்தா, அதுவும் அவர் போட்டோவுக்கு முன்னால எரியற பல்பும் ஒரே மல்டி பிளக்ல, டேப் சுத்தி ஒண்ணா ஒட்டிக் கிடக்கு. நான் கை வெச்சதும் அந்தம்மா ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டாங்க. நாப்பது நாளும் அந்த வெளிச்சம் அணையக் கூடாதாம். "அரை நிமிஷம்தாம்மா"ன்னேன். அவங்க போட்டோவைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, மறுபடியும் போட்டோவைப் பாத்தாங்க. எனக்கு இன்னும் மூணு வீடு பாக்கி. உள்ளுக்குள்ள எரிச்சல் மண்டுது. அப்புறம் அவங்க சொன்னதைக் கேட்டு, நானே தீப்பெட்டி தேடிக் குடுத்தேன்.

"இரும்மா, ஒரு மெழுகுவத்தி ஏத்திக்கறேன். அவருக்கு இருட்டுன்னா பயம்."

தெருவுல நின்னு தட்டிப் பாக்கறது

இந்தத் தொழில்ல ஒரே ஒரு சட்டம் உண்டு. போர்ட் திறந்தாச்சுன்னா, அது நெஜமா திறந்திருக்கான்னு வீட்டு வைஃபையில இருந்து பாக்கவே கூடாது. உள்ள இருந்து பாத்தா எல்லாம் திறந்த மாதிரிதான் தெரியும். போன்ல வைஃபையை அணைச்சுட்டு, சொந்த டேட்டாவைப் போட்டு, அந்நிய மனுஷி மாதிரி வெளியில இருந்து தட்டிப் பாக்கணும். நான் படி இறங்கித் தெருவுக்கே போயிடுவேன். இந்த ஊர்ல வீட்டுக்குள்ள சிக்னல் எங்க கிடைக்குது?

ஈஜிபுரா பக்கம் ஒரு வீட்டுல, முப்பது வயசிருக்கும், திருப்பத்தூர்க்காரர். ஐடி வேலை. வீட்டு கம்ப்யூட்டரை வெளியில இருந்தே இயக்கணும்னு கேட்டார். செஞ்சு குடுத்துட்டுத் தெருவுக்கு இறங்கினேன். அவரும் பின்னாலயே வந்தார். இளநி வண்டி பக்கத்துல நின்னு, "பாருங்க சார், திறந்துடுச்சு. இனிமே ஆபீஸ்ல இருந்தே பாத்துக்கலாம்"னு போனைக் காட்டினேன். அவர் போனைப் பாக்கலை. மாடியைப் பாத்தார். மாடியில அவர் வொய்ஃப் துணி காயப் போட்டுட்டு இருந்தாங்க. வேலை போய் மூணு மாசமாச்சாம். தினமும் ஒன்பது மணிக்கு டிபன் டப்பாவோட கிளம்பி, ஒரு பார்க் பெஞ்சுல சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்காராம். லேப்டாப்பைக் கம்பெனி வாங்கிக்கிச்சு. பார்க்ல இருந்தே போன் வழியா வீட்டு கம்ப்யூட்டரைத் திறந்து வேலைக்கு அப்ளை பண்ணணுமாம்.

"மேடம், ஒரு ஹெல்ப். என் வொய்ஃப் கேட்டா, இது ஆபீஸ்ல போடச் சொன்னதுன்னு சொல்லிடுங்க."

என் வீட்டுக்கு வரட்டும்

சரி, வந்துட்டேன்.

ஆஸ்டின் டவுன்ல ஞானசேகர் அங்கிளைத் தெரியாதவங்க கிடையாது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டி ரிட்டயர் ஆனவர். யார் வீட்டுக் குழந்தை எந்த மாடியில பொறந்துச்சுன்னு இன்னிக்கும் சொல்வார். ஹால்ல ஒரு புத்தர் சிலை, பக்கத்துல அவர் வொய்ஃப் சரோஜா ஆன்ட்டி போட்டோ. ஆன்ட்டி போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஆன்ட்டியோட பழைய போன் சமையல்கட்டு அலமாரியில இன்னும் சார்ஜ்லயே கிடக்கும். அவங்க இருந்தப்ப எப்படிக் கிடந்துச்சோ அப்படியே. வேற யாரும் தொட்டா சுர்ருன்னு கோபம் வரும் அவருக்கு.

அங்கிளுக்கு ஒரு ஆசை. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு, வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்து ரேடியோ மாதிரி அரை மணி நேரம் பேசணும். ஆஸ்டின் டவுன் செய்திகள். யார் வீட்டுல விசேஷம், யார் போயிட்டாங்க, எந்த ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான், தண்ணி எந்தப் பக்கம் வரலை. வாடகை கட்டுப்படியாகாம ஓசூர், சந்தாபுரான்னு குடிபோனவங்க கேப்பாங்களாம். அவரோட அக்கா பொண்ணு லதா அதுக்கான சாஃப்ட்வேரைப் போட்டுக் குடுத்துட்டா. கேக்கறவங்க லிங்க்கைத் தொட்டா, நேரா இவர் வீட்டு கம்ப்யூட்டருக்கு வந்து நிப்பாங்க. அதுக்குத்தான் போர்ட் திறக்கணும். "எதுக்கு அங்கிள் இவ்வளவு பாடு? பேசிப் பதிவு பண்ணி நெட்ல எங்கயாவது போட்டா உலகமே கேக்குமே"ன்னேன். அவர் உள்ள போய் டீ போட்டுட்டு வந்தார். டீயைக் குடுத்துட்டுத்தான் சொன்னார்.

ஒரே பொண்ணு, பேரு யசோதரா. ஏழு வருஷத்துக்கு முன்ன, வீட்டுல சொல்லாம ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிட்டு வந்து நின்னா. "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே"ன்னு இவர் கத்திட்டார். அவளும் மிதிக்கலை. எங்கயோ அமெரிக்காவுல இல்லைங்க, சந்தாபுராலதான் இருக்கா, ஓசூர் ரோட்ல ஒரு பஸ் தூரம். ஆன்ட்டி போன அன்னிக்கு வந்தா. கேட்டுக்கு வெளிய ரோட்லயே நின்னு அழுதுட்டு, ஆன்ட்டியை ஏத்தின வண்டி கிளம்பினதும் பின்னாலயே நடந்து போயிட்டா. "உள்ள வாம்மான்னு ஒரு வார்த்தை, ஜெசி. அவ்வளவுதான் வேணும். வாயில வரலை"ன்னார். போன் பண்ணிப் பேசவும் தெம்பு இல்லை. ஊர்ச் செய்தி சொல்ற சாக்குல அவ காதுல தன் குரல் விழணும். லதா மூலமா லிங்க் அவளுக்குப் போயிடும். அவ்வளவுதான் அந்த ரேடியோ. மத்தவங்க கேட்டா கேக்கட்டும், கேக்காட்டி போகட்டும்.

"எவன் இடத்துலயோ போய் நான் எதுக்குப் பேசணும்? அவ என் வீட்டுக்கு வரட்டும்மா. நீ கதவை மட்டும் திறந்து குடு."

வியாழக்கிழமை அவசரம்

அன்னிக்கு வியாழக்கிழமை. எங்க குழந்தை இயேசு கோயில்ல நவநாள் கூட்டம் எப்படி இருக்கும்னு அந்தப் பக்கம் பஸ்ல மாட்டினவங்களுக்குத் தெரியும். எங்கம்மா கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு, "எங்கடி இருக்கே?"ன்னு அஞ்சு தடவை போன். நான் அவசர அவசரமா ரௌட்டர் பக்கத்தைத் திறந்து, போர்ட்டை எழுதி, அதுல காட்டின வெளி நம்பரை, அதாவது வெளியில இருந்து வர்றவங்களுக்கு அந்த வீட்டு விலாசம் மாதிரி இருக்கறதை, பாத்து லிங்க் எழுதினேன். இனிமே தெருவுக்குப் போய்த் தட்டிப் பாக்கணும். அன்னிக்குன்னு பாத்து என் டேட்டா தீந்து போச்சு. மணி ஆறு இருபத்தஞ்சு. அங்கிள் சட்டையெல்லாம் மாத்திட்டு, மைக் முன்னால உக்காந்து, கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பாக்கறார்.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? "ஒரே நிமிஷம் அங்கிள்"னு கேட்டுட்டு, அலமாரியில இருந்து ஆன்ட்டி போனை எடுத்தேன். அது வீட்டு வைஃபையில இருந்தது. லிங்க்கைப் போட்டேன். அங்கிள் மைக்ல "ஹலோ"ன்னார், ஆன்ட்டி போன்லயும் "ஹலோ"ன்னு கேட்டுச்சு. கம்ப்யூட்டர்ல 'கேட்பவர்கள்: 1'ன்னு வந்துச்சு. ரெண்டு பேரும் கைதட்டிச் சிரிச்சோம். ஒரே ரூம்ல சத்தம் ரெட்டையா கேட்டு கொய்யின்னு இரைஞ்சதால, போன் வால்யூமைச் சுத்தமா குறைச்சேன். அப்படியே கொண்டு போய் அலமாரியில சார்ஜ்ல வெச்சேன். லிங்க்கை மூடலை. கோயிலுக்கு ஓடிட்டேன். ஊருக்கெல்லாம் சட்டம் பேசற நான், என் சட்டத்தை மீறினது அந்த ஒருநாள்தான். நாலு நாள் கழிச்சு ஒரு சாயங்காலம் அங்கிள் போன் பண்ணார். நான் சந்தோஷத்துல ஆட்டோவுலயே துள்ளினேன்.

"ஜெசி, ஒருத்தர் வர்றாங்க. டான்னு ஆறரைக்கு வந்து, நான் முடிக்கற வரைக்கும் போறதே இல்லை. வேற யாரா இருக்கும், நீயே சொல்லு?"

அஞ்சு மாசம்

அஞ்சு மாசம் பேசினார். ஒருநாள் விடலை. ஜுரம் வந்தப்பவும், இருமல் மருந்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பேசினார். நான் அந்தப் பக்கம் வேலையாப் போறப்பல்லாம் எட்டிப் பாப்பேன். முதல்ல பேப்பர் படிக்கற மாதிரி விறைப்பா படிச்சுட்டு இருந்தவர், போகப் போக வீட்டு விஷயத்துக்கு வந்துட்டார். "இன்னிக்கு முருங்கைக்கீரை வாங்கினேன். ஆயறதுக்குள்ள விடிஞ்சு போச்சு. உங்கம்மா கதை பேசிக்கிட்டே ஆஞ்சுடுவா"ன்னு ஒருநாள். "பால்கனி பைப் இன்னும் ஒழுகுது, நீ சின்னதுல துணி சுத்துவியே, அதே பைப்தான்"னு இன்னொரு நாள். பேர் மட்டும் சொல்லவே மாட்டார். ஆனா யாரைப் பாத்துப் பேசறார்னு எனக்குப் புரியும். முடிச்சுட்டு எழுந்து வர்றப்ப முகம் அவ்வளவு தெளிவா இருக்கும். நானும் பெருமையா காலரைத் தூக்கி விட்டுக்குவேன். நாம திறந்த கதவாச்சே!

ஒருநாள் காலையில என்னைக் கூப்பிட்டார். முந்தின நாள் சாயங்காலம், செய்தியெல்லாம் முடிஞ்சப்புறம், "ஒரு முக்கிய அறிவிப்பு. இந்த வீட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னு சொன்னவன் முட்டாள். மன்னிச்சுக்கோ"ன்னு சொல்லிட்டாராம். சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாராம்.

"இதைக் கேட்டதும் எழுந்து போயிடுவாளோன்னு பயந்துக்கிட்டே கண்ணைத் திறந்தேன். அந்த ஒண்ணு ஒண்ணாவே நின்னுச்சு ஜெசி. போகலை."

லதா பண்ணின போன்

அந்த அறிவிப்பு சொல்லி ஒரு மாசம் ஆச்சு. யசோ வரலை. போனும் இல்லை. அங்கிள் பேச்சுல ஒரு கசப்பு வர ஆரம்பிச்சுச்சு. "தினமும் வந்து கேக்கறா. நான் இவ்வளவு இறங்கிப் பேசியும் ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவு கல்நெஞ்சு"ன்னு என்கிட்டயே ரெண்டு தடவை சொன்னார். எனக்கும் யசோ மேல கோபம்தான். முன்ன பின்ன பாத்ததில்லை, ஆனா மனசுக்குள்ள நல்லா திட்டினேன்.

அப்பதான் லதா போன் பண்ணினா. வேற ஏதோ பேசிட்டு, "ஜெசி அக்கா, மாமாவோட லிங்க் எப்ப சரியாகும்?"னு சாதாரணமா கேட்டா. எனக்கு ஒண்ணும் புரியலை. அது ஒருநாளும் யாருக்கும் திறக்கலையாம். லிங்க் போட்ட வாட்ஸ்அப் குரூப்ல இருக்கற பெருசுங்க எல்லாம் தங்களுக்குத்தான் போன் சரியா தெரியலைன்னு விட்டுட்டாங்க. இவ மாமாகிட்டயே ஒருதடவை சொல்லியிருக்கா. "இங்க ஆள் கேக்கறாங்க, உன் போன்லதான் கோளாறு"ன்னு அடிச்சு விரட்டிட்டார். நான் நடுரோட்ல நின்னு, வைஃபையை அணைச்சு, டேட்டாவுல அந்த லிங்க்கைப் போட்டேன். சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு.

அப்ப யார்தான் அந்த ஒண்ணு? எனக்கு அலமாரி ஞாபகம் வந்துச்சு. லதா செஞ்ச அந்தப் பக்கம், பேச்சு ஆரம்பிச்சா தானா ஒட்டிக்கும், முடிஞ்சா தானா விட்டுடும். அஞ்சு மாசமா டான்னு ஆறரைக்கு வந்து, கடைசி வரைக்கும் போகாம கேட்டது, சமையல்கட்டுல சத்தமில்லாம கிடந்த ஆன்ட்டி போன். தலையில கை வெச்சு அங்கயே ஒரு கடைப்படியில உக்காந்துட்டேன். லதா இன்னும் லைன்லதான் இருந்தா.

"யசோ ஒரு வாரம், தினமும் ஆறரைக்கு லிங்க்கைத் தட்டித் தட்டிப் பாத்தா அக்கா. மாமா யாரோ கேக்கறாங்கன்னு சொன்னதை நான் அவகிட்ட சொன்னேன். அப்ப வேற யாருக்கோ திறந்திருக்கார், எனக்குத்தான் சாத்தியிருக்கார்னு சொல்லிட்டு லிங்க்கை அழிச்சுட்டா."

முனிராஜு

ஆபீஸ்ல போய் அலசினேன். ஆஸ்டின் டவுன் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சேத்து எங்க கம்பெனி ஒரே ஒரு வெளி நம்பர் குடுத்திருக்கு. ஒரு பெரிய லேஅவுட்டுக்கே ஒத்தை கேட் மாதிரி. நான் ரௌட்டர்ல பாத்து எழுதினது கம்பெனிக்குள்ளயே சுத்தற உள் நம்பர். நான் போறதுக்கு முந்தின மாசம்தான் மாத்தியிருக்காங்க, எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலை. ஆனா அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. தெருவுல நின்னு ஒருதடவை தட்டியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

முனிராஜு கன்னடக்காரன். தமிழ் பேசிப் பேசி, எந்த பாஷையில திட்டறோம்னு எங்க ரெண்டு பேருக்குமே மறந்து போச்சு. ஏணி மேல இருந்தே முழுசையும் கேட்டான். அந்த வீட்டுக்குத் தனி நம்பர் வாங்கி, புதுசா லிங்க் போட்டுக் குடுத்துட்டு, பழசைப் பத்தி வாயே திறக்காதேன்னான். அங்கிள் தன் பொண்ணைக் கல்நெஞ்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரேன்னு கேட்டேன். ஏணியை விட்டு இறங்கி, ஒயரைச் சுருட்டிக்கிட்டே இருந்தான்.

"சும்நிரு, சும்மா இரு ஜெசி. அஞ்சு மாசம் அந்த மனுஷன் சந்தோஷமா இருந்தாரு. அதை எதுக்குப் பிடுங்கப் போறே?"

சொன்னேன்

சொல்லிட்டேன். எப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. செருப்பைக் கழட்டி, ஹால்ல புத்தர் பக்கத்துல நின்னு, கட கடன்னு ஒப்பிச்சேன். யசோ ஒரு வாரம் தட்டிப் பாத்ததையும் சொன்னேன். "என் தப்பு அங்கிள். நான் வெளிய போய்ப் பாக்கலை"ன்னு சொல்றப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு. அவர் திட்டுவார்னு பாத்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். ஆன்ட்டி போனை எடுத்துட்டு வந்தார். ஸ்கிரீன்ல அந்தப் பக்கம் அப்படியே திறந்திருந்துச்சு. வேட்டி நுனியால கண்ணாடியைத் துடைச்சார்.

"அப்ப அந்த வாசப்படி விஷயத்தை அவ கேக்கவே இல்லையா?"

பூஜ்யம்

தனி நம்பர் வாங்க ஒரு வாரம் அலைஞ்சேன். மேனேஜர்கிட்ட சண்டை போட்டு வாங்கினேன். போர்ட்டைத் திறந்து, ரௌட்டரை அணைச்சுப் போட்டு, படி இறங்கி, தெருமுனை பேக்கரி வரைக்கும் போய் டேட்டாவுல தட்டிப் பாத்தேன். திறந்துச்சு. எனக்கு நம்பிக்கை வரலை. முனிராஜுவை சிவாஜி நகர்ல இருந்து பாக்கச் சொன்னேன், அவனுக்கும் திறந்துச்சு. "முதல்ல அவளுக்கு மட்டும் அனுப்பு, மத்தவங்களுக்கு அப்புறம் பாத்துக்கலாம்"னு அங்கிள் சொல்லிட்டார். லதா நடந்தது எல்லாத்தையும் விவரமா எழுதி, புது லிங்க்கோட யசோவுக்கு அனுப்பினா. படிச்சுட்டான்னு ரெண்டு நீலக் கோடு வந்துச்சு. பதில் வரலை.

ஆறரை. அங்கிள் அதே வெள்ளைச் சட்டையில மைக் முன்னால உக்காந்தார். நான் பின்னால ஸ்டூல்ல. ஆன்ட்டி போனை அணைச்சு அலமாரியில வெச்சாச்சு. 'கேட்பவர்கள்: 0'. அது அஞ்சு மாசம் முன்னயே தெரிய வேண்டிய பூஜ்யம். அவர் தொண்டையைச் செருமினார். "வணக்கம். ஆஸ்டின் டவுன் செய்திகள்"னார். கையில பேப்பர் இருக்கு. அதுல அன்னிக்கு நாலு செய்தி எழுதியிருந்தார், எனக்கே தெரியுது. ஒண்ணையும் படிக்க முடியலை. ஒரு நிமிஷம் கழிச்சு மைக்கை அணைச்சுட்டு, திரும்பாமலே சொன்னார்.

"அந்த போனை மறுபடியும் போட்டு வை ஜெசி. பூஜ்யத்தைப் பாத்துப் பேச வரமாட்டேங்குது."

நாலு நிமிஷம்

போட்டு வெச்சேன். ஒண்ணு வந்துச்சு. அவர் பேச ஆரம்பிச்சார். அந்த ஒண்ணு யாருன்னு இப்ப ரெண்டு பேருக்கும் தெரியும், ஆனா அதைப் பத்தி நாங்க பேசிக்கலை. பத்து நாள் அப்படியே ஓடுச்சு. பதினோராவது நாள் ஏழு மணிக்கு அங்கிள்கிட்ட இருந்து போன். எடுத்தா பேச்சே இல்லை. "அங்கிள்? அங்கிள்?"னு நான் கத்தறேன். அப்புறம்தான் "ரெண்டு வந்துச்சு"ன்னார்.

செய்தி படிச்சுட்டு இருக்கறப்ப, ஆறு நாப்பதுக்கு, ஒண்ணு ரெண்டாச்சாம். லிங்க் எங்களையும் யசோவையும் தவிர வேற யார்கிட்டயும் இல்லை. லதா அன்னிக்கு டியூட்டியில, முனிராஜு கம்பத்து மேல, ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டேன், அவங்க இல்லை. நாலு நிமிஷம் ரெண்டாவே இருந்துச்சாம். "பேசினீங்களா? உள்ள வான்னு சொன்னீங்களா?"ன்னு நான் பதறினேன். இல்லையாம். அந்த ரெண்டைப் பாத்ததும் வாய் அடைச்சுப் போச்சாம். மைக் ஓடிட்டு இருக்கு, இவர் வாயைத் திறக்கறார், மூடறார், சத்தமே வரலையாம். நாலு நிமிஷம். அப்புறம் மறுபடியும் ஒண்ணு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "யாருமே இல்லாதப்ப அஞ்சு மாசம் பேசினீங்களே அங்கிள், வந்து நின்னப்ப ஊமையாயிட்டீங்களே!"ன்னு கத்திட்டேன். கத்தினதும் எனக்கே தாங்கலை. அன்னிக்கு கேட்டுக்கு வெளிய அவ நின்னப்பவும் இதேதானே நடந்திருக்கும்?

யசோகிட்ட லதா கேட்டுப் பாத்தா. அது நான்தான்னும் அவ சொல்லலை, நான் இல்லைன்னும் சொல்லலை. இது நடந்து மூணு வாரம் ஆச்சு. திரும்ப ரெண்டு வரலை. அங்கிள் தினமும் ஆறரைக்கு உக்காந்து பேசறார். நேத்து நான் போனப்ப மைக்கைக் கையில எடுத்து, திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தார். புதுசா நல்ல மைக் வாங்கணுமான்னு கேக்கறார்னு நினைச்சேன். இதுவே போதும் அங்கிள், பக்கத்து வீட்டு குக்கர் விசில் வரைக்கும் பிடிக்குதுன்னு சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மலர்ந்துச்சு.

"அப்ப கேட்டிருப்பா ஜெசி. நான் மூச்சு விடறது கேட்டிருக்கும் இல்ல?"

எங்க ஆபீஸ்ல ஒரு வேலை முடிஞ்சதும் போன்ல 'தீர்ந்தது'ன்னு ஒரு பட்டனை அமுக்கணும். அந்த வீட்டுக்கு மட்டும் நான் அமுக்காததால வாரம் தவறாம எனக்கு மெமோ வருது, முனிராஜு அதையெல்லாம் சேத்து ஃபிரேம் போட்டு மாட்டச் சொல்றான்.